டி அண்ட் டி-யில் பேலன்ஸ் முக்கியமா, ஜாலி முக்கியமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வருஷமாகச் சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்தி வருகிறேன். பெரும்பாலும் ஐந்தாம் பதிப்பு, இடையிடையே வேறு சில ஆட்டங்கள். நேற்று வந்தவரும் பத்து வருஷம் ஆடியவரும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. ஐந்தாம் பதிப்பு என்று நான் சொல்லும் இடமெல்லாம் 2014 புத்தகங்களைக் குறிக்கும். 2024 திருத்தத்தில் சில எண்கள் மாறியிருக்கின்றன.

நான் டி அண்ட் டி ஆடினதே இல்ல. பேலன்ஸ், ஃபிளேவர்னு அடிச்சுக்கிறீங்களே, ரெண்டும் என்னங்க?

ஒருவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். உலகத்தைச் சொல்வதும் அரக்கர்களை ஓட்டுவதும் அவர் வேலை. மற்ற நாலைந்து பேரும் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு "நான் இதைச் செய்றேன்" என்பார்கள். முடிவு சந்தேகமாக இருந்தால் இருபது முகப் பகடை உருளும். சண்டைக்காரன் ஃபைட்டர், மந்திரவாதி விஸார்டு, பூட்டு திறப்பவன் ரோக் என்று பாத்திரங்களுக்கு வகை உண்டு. அதைத்தான் கிளாஸ் என்கிறோம்.

ஒரு வாள் வீசினால் எத்தனை புள்ளி அடி விழும், இன்னொருவரின் வில்லோடு ஒப்பிட்டால் அது கூடுதலா குறைவா என்று பார்ப்பது பேலன்ஸ். அந்த வாள் தாத்தா விட்டுப்போனது, ராத்திரியானால் உறைக்குள் முனகும் என்பது ஃபிளேவர். ஒன்றுக்காக இன்னொன்றை எப்போது விட்டுக்கொடுப்பது என்பதில்தான் சண்டையே.

எல்லாரும் ஒரே டீம்தானே? ஒருத்தன் பலமா இருந்தா எல்லாருக்கும் லாபம்தானே, அப்புறம் எதுக்கு பேலன்ஸ்?

ஆடுபுலி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 3 புலி, 15 ஆடு. இரண்டு பக்கமும் சமமில்லை, ஆனாலும் ஆட்டம் நிற்கிறது. புலிக்கு வெட்டத் தெரியும், ஆட்டுக்கு வழியை அடைக்கத் தெரியும். அங்கே பேலன்ஸ் என்றால் இரு பக்கமும் ஜெயிக்க வாய்ப்பு இருப்பது. டி அண்ட் டி-யில் புலியும் ஆடும் ஒரே பக்கம். எதிரில் இருக்கும் டிஎம்முக்கு ஜெயிக்கும் ஆசை வந்தால் "மேலேயிருந்து பாறை விழுந்தது, எல்லாரும் காலி" என்ற ஒரு வரி போதும். ஆகவே ஜெயிப்பதற்கான பேலன்ஸுக்கு இங்கே பெரிய அர்த்தமில்லை.

நான் பார்ப்பது வேறு. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்த ஒருவர் வீட்டுக்குக் கிளம்பும்போது அவரைப் பற்றி ஒரு கேள்வி: இன்றைக்கு இவருடைய ஆள் வராமலே இருந்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்குமா? "இல்லை" என்ற பதில் வாராவாரம் ஒரே ஆளுக்கு வந்தால் அந்த மேஜையில் பேலன்ஸ் கெட்டுவிட்டது. கணக்கில் எல்லாம் சரியாக இருந்தாலும் கெட்டதுதான். கீழே பல பதில்களில் இந்தச் சோதனைக்குத் திரும்ப வருவேன்.

ஆரம்ப காலத்துல இதையெல்லாம் யாராவது பாத்தாங்களா?

பார்த்தார்கள், ஆனால் வேறு இடத்தில் பார்த்தார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட முதல் பதிப்பில் ஒவ்வொரு கிளாஸுக்கும் அனுபவப் புள்ளிப் பட்டியல் தனி. இரண்டாம் லெவலுக்கு ஏற பூசாரி வகையான கிளெரிக்குக்கு 1,500, சண்டைக்காரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500. பின்னால் பெரிய ஆளாகப் போகிறவன் மெதுவாக ஏறட்டும் என்பது ஏற்பாடு. முதல் லெவல் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அதைச் சொல்லிவிட்டால் மீதி நாள் முழுக்க அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். பூனை கீறினாலே செத்துப்போவான் என்ற கிண்டல் அந்தக் காலத்தது.

பின்னால் வந்த அட்வான்ஸ்டு டி அண்ட் டி-யின் பாலடின், அதாவது புனித வீரன், இன்னும் வேடிக்கை. மற்றவர்களைவிடப் பலமானவன், ஆனால் பாலடினாக இருக்கவே கரிஸ்மா (ஆளை ஈர்க்கும் குணம்) 17 வேண்டும். மூன்று ஆறுமுகப் பகடை உருட்டினால் 17ஓ 18ஓ விழ 216இல் 4 வாய்ப்பு. அபூர்வமாக வருவான், அதனால் பரவாயில்லை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அபூர்வம் என்பது புத்தகத்துக்குத்தான். பக்கத்து நாற்காலியில் பாலடின் உட்கார்ந்துவிட்டால் அவன் வாராவாரம் வருவான். இந்த ஓட்டையை ரொம்ப நாள் யாரும் அடைக்கவில்லை.

விஸார்டு மட்டும் ஏன் எப்பவுமே ஓவரா இருக்கான்?

லெவல் ஏறும்போது ஃபைட்டருக்குக் குத்து கொஞ்சம் கூடுகிறது. விஸார்டுக்கு மந்திரங்களின் எண்ணிக்கையும் கூடுகிறது, ஒவ்வொன்றின் பலமும் கூடுகிறது, செய்யக்கூடிய காரியங்களின் வகையும் கூடுகிறது. ஐந்தாம் பதிப்பில் 5ஆம் லெவல் விஸார்டின் ஃபயர்பால் எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28 புள்ளி, 20 அடி ஆரத்துக்குள் நிற்கும் எல்லோருக்கும். கோப்லின் என்ற குட்டி அரக்கனுக்கு உயிர்ப்புள்ளி 7, அது தீர்ந்தால் சாவு. தப்பித்துப் பாதி அடி வாங்கினாலும் அது சாம்பல்தான். அதே லெவலில் ஃபைட்டர் ஒரு முறைக்கு இரண்டு வெட்டு வெட்டுவான், இரண்டு கோப்லின் விழும். ஆனாலும் இதை நான் பெரிய குற்றமாக எடுப்பதில்லை. ஃபயர்பால் ஒரு நாளைக்கு இரண்டு, கொஞ்சம் உட்கார்ந்து எழுந்தால் மூன்று. வெட்டுக்கு அளவே இல்லை.

உண்மையான கோளாறு அடியில் இல்லை, வேலையில் இருக்கிறது. மூன்றாம் பதிப்பின் திருத்தமான மூன்றரைப் பதிப்பில் நாங்கள் ஆடியபோது ரோக் எடுத்த நண்பர் லெவலுக்கு லெவல் புள்ளிகளைப் பூட்டு திறப்பதிலேயே கொட்டிவந்தார். ஆறேழு வாரம் பூட்டே வரவில்லை, தப்பு என்மேல். கடைசியில் ஓர் இரும்புக் கதவு வந்தது. மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்து, பகடையை உள்ளங்கையில் குலுக்கி, "வழி விடுங்க" என்றார். அது கீழே விழுவதற்குள் விஸார்டு "நாக்" என்றார். கதவைத் தட்டுவது என்று பொருள், இரண்டாம் நிலை மந்திரம், கதவு திறந்துவிட்டது, உருட்டலே தேவையில்லை. நண்பர் பகடையைப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிய சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அந்தப் பதிப்பில் 4,500 பொற்காசுக்கு நாக் மந்திரக்கோல் ஒன்று வாங்கினால் ஐம்பது முறை திறக்கலாம். இரண்டாம் கேள்வியில் சொன்ன சோதனையில் அன்றைக்கு நான் ஃபெயில்.

ஐந்தாம் பதிப்பு இதைச் சரிசெய்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நாக் இப்போதும் பூட்டைத் திறக்கும். ஆனால் டமார் என்று ஒரு தட்டுச் சத்தம் 300 அடி வரை கேட்கும். எண்களில் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. மந்திரத்தின் பெயருக்குப் பொருத்தமான ஒரு சின்ன ஃபிளேவர் வரியைச் சேர்த்தார்கள், ரோக்குக்கு வேலை திரும்பக் கிடைத்தது. காவலாளி தூங்கும் மாளிகையில் இனி யாரும் விஸார்டைக் கூப்பிட மாட்டார்கள்.

அப்ப எல்லா கிளாஸையும் சமமாக்கிட்டா பிரச்சினை முடிஞ்சது இல்லையா?

2008இல் வந்த நான்காம் பதிப்பு அதைத்தான் செய்தது. எல்லாக் கிளாஸுக்கும் ஒரே சட்டகம்: எப்போதும் செய்யக்கூடியவை, சண்டைக்கு ஒருமுறை, நாளைக்கு ஒருமுறை. காப்பவர், அடிப்பவர், தலைமை தாங்குபவர், களத்தைக் கட்டுப்படுத்துபவர் என்று நான்கு பொறுப்புகள். கணக்குப்படி பார்த்தால் டி அண்ட் டி வரலாற்றிலேயே ஒழுங்கான பதிப்புகளில் அது ஒன்று. ஃபைட்டர் ஆடியவர்கள் முதல்முறையாக விஸார்டுக்குச் சமமாக யோசித்து ஆடினார்கள்.

ஆனால் பாத்திர விவரம் எழுதிய தாளைக் காட்டி "ஃபைட்டர் சீட்டும் விஸார்டு சீட்டும் ஒரே மாதிரி இருக்கு" என்ற முணுமுணுப்பு விடவே இல்லை. ஒரு வாள்வீச்சை ஏன் நாளைக்கு ஒருமுறைதான் செய்ய முடியும் என்று கேட்டால் கதைக்குள் பதில் இல்லை, கணக்குக்குள் மட்டும்தான் இருந்தது. மூன்றரைப் பதிப்பை அடிப்படையாக வைத்து 2009இல் பைசோ நிறுவனம் வெளியிட்ட பாத்ஃபைண்டர் என்ற ஆட்டத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் போனார்கள். 2010இல் வந்த எசென்ஷியல்ஸ் வரிசையில் நான்காம் பதிப்பே அந்த ஒரே சட்டகத்தைத் தளர்த்திக்கொண்டது. என் கருத்து: நான்காம் பதிப்பு வாங்கிய திட்டில் பாதி அநியாயம். சண்டை மட்டும் ஆடுவதென்றால் இன்றைக்கும் எனக்கு அதுதான்.

கணக்குப்படி கிரேட்ஸ்வோர்டு பெட்டர்ங்கிறாங்க. எனக்குக் கோடாலிதான் பிடிச்சிருக்கு. நான் முட்டாளா?

பெரிய வாளுக்கு இரண்டு ஆறுமுகப் பகடை, சராசரி 7. பெரிய கோடாலிக்கு ஒரு பன்னிரண்டு முகப் பகடை, சராசரி 6.5. பத்து முறை சரியாக வெட்டினால் வித்தியாசம் 5 புள்ளி. ஒரு கோப்லினைக்கூட அது கொல்லாது. பார்பேரியனாக (ஆவேசச் சண்டைக்காரன்) இருந்தால் 9ஆம் லெவலில் கிரிட்டிகல் அடிக்கு, அதாவது இருபது முகப் பகடையில் 20 விழுந்து அடிப் பகடைகள் இரட்டிக்கும்போது, கூடுதல் பகடை ஒன்று கிடைக்கும். அப்போது கிரிட்டிகலில் கோடாலிக்குச் சராசரி 19.5, வாளுக்கு 17.5.

சராசரியைவிட முக்கியமானது பகடை விழும் விதம். வாளில் 12 விழ 36இல் ஒரு வாய்ப்பு, கோடாலியில் 12இல் ஒன்று. வாளில் 1 விழவே விழாது, கோடாலியில் 12இல் ஒருமுறை விழுந்து மானம் போகும். வாள் அரசு வேலை, கோடாலி வியாபாரம். உங்கள் பார்பேரியன் எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியும், எடுத்துக்கொள்ளுங்கள்.

என் ஃபயர்பாலை ஒரு நெருப்பு மயிலா வர்ணிச்சுக்கலாமா?

தாராளமாக. எண்கள் மாறாதவரை உருவத்துக்குக் காசில்லை. ஆனால் "நெருப்புக்குப் பதில் பனி மயில்" என்று ஆரம்பித்தால் அது வர்ணனை இல்லை. நெருப்பு உறைக்காத பிசாசுகள் ஏகப்பட்டது உண்டு, அடி வகையை மாற்றினால் கணக்கும் மாறும். டிஎம்மிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

ஓநாயோட சுத்துற ரேஞ்சர்னு ஆசையா எடுத்தேன். ஓநாய் சும்மாவே நிக்குது. தப்பு என் மேலயா?

உங்கள்மேல் இல்லை. ரேஞ்சர் என்பது காட்டு வேட்டைக்காரன், அதில் மிருகத்தோடு திரியும் வகை பீஸ்ட் மாஸ்டர். 2014 புத்தகத்தின் பீஸ்ட் மாஸ்டரில் மிருகம் கடிக்க வேண்டுமென்றால் ரேஞ்சர் தன் முறையின் முக்கியச் செயலைச் செலவழித்து ஏவ வேண்டும். ஓநாய் கடித்தால் நீங்கள் அம்பு விட முடியாது, நீங்கள் விட்டால் ஓநாய் கடிக்காது. 5ஆம் லெவலில்தான் கொஞ்சம் தளர்வு. படத்தில் வேட்டைக்காரனும் ஓநாயும் சேர்ந்து பாய்கிறார்கள், ஆட்டத்தில் மாறி மாறி வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருவருக்கு இரண்டு முறை கிடைத்துவிடுமே என்ற பயத்தில் எழுதிய விதி இது. பேலன்ஸுக்காக ஃபிளேவரைக் கொன்றதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

2020இல் வந்த துணைப் புத்தகத்தில் மாற்று விதி இருக்கிறது. அதில் மிருகத்தை போனஸ் செயலால் (முக்கியச் செயலுக்கு மேல் கிடைக்கும் சின்னச் செயல்) ஏவலாம், அம்பும் விடலாம். உங்கள் டிஎம்மிடம் அதைக் கேளுங்கள். மறுத்தால் இரண்டாம் கேள்வியின் பதிலைக் காட்டுங்கள்.

சிஆர் கணக்குப் போட்டுத்தான் ஆக்ர் வச்சேன். ரெண்டு ரவுண்டுல முடிச்சுட்டாங்க. புத்தகம் பொய்யா?

ஆக்ர் ஒரு தடித்த அரக்கன், சிஆர் என்பது அரக்கனின் சவால் எண். அதற்குப் பின்னால் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. 2014 டிஎம் புத்தகத்தின் கணக்கில் சாகசக்காரர்கள் ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினச் சண்டைகளைத் தாங்குவார்கள், நடுவில் இரண்டு சின்ன ஓய்வு எடுப்பார்கள். எந்த மேஜையில் அப்படி நடக்கிறது? எங்களுக்கு ஒரு ராத்திரிக்கு ஒரு சண்டை, மிஞ்சினால் இரண்டு. அடுத்தது வராது என்று தெரிந்தால் விஸார்டும் பாலடினும் இருப்பதையெல்லாம் கொட்டிவிடுவார்கள். சின்ன ஓய்வை நம்பி வாழும் வார்லாக் என்ற மந்திரக்காரன் பாவம். நாலாம் கேள்வியில் "நாளைக்கு இரண்டு ஃபயர்பால்" என்றேனே, ஒரே சண்டை உள்ள நாளில் அந்தக் கட்டுப்பாடே இல்லாமல் போகிறது. எண்களைத் தொடாதீர்கள், நேரத்தை இறுக்குங்கள். "பௌர்ணமிக்குள் போய்ச் சேராவிட்டால் பலி கொடுத்துவிடுவார்கள்" என்று சொல்லிப் பாருங்கள், யாரும் பாயை விரிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, தனி அரக்கன் வைக்காதீர்கள். நான்கு பேருக்கு நான்கு முறை, ஆக்ருக்கு ஒரு முறை. அடுத்தது இடம். 1987இல் டிராகன் இதழின் தலையங்கம் ஒன்றில் டக்கர் என்பவர் நடத்திய கோபால்டுகளின் கதை வந்தது. கோபால்டு என்றால் ஆட்டத்திலேயே அற்பமான ஜென்மம். ஆனால் சந்துக்குள் நெருப்பு வைத்து, சுவர் ஓட்டை வழியாக எய்து, பெரிய லெவல் வீரர்களை அவை ஓட ஓட விரட்டின. அந்த மூளையை எந்தச் சிஆரும் அளக்காது. கணக்கே சரியாக வர வேண்டுமென்றால் 2019இன் பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பைப் பாருங்கள். நான்கு பேருக்கு நடுத்தரச் சண்டை 80 புள்ளி, அவர்கள் லெவலிலேயே உள்ள ஓர் எதிரி 40 புள்ளி. நம்பலாம். என்ன, எந்தச் சண்டை எப்படி முடியும் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

ஸ்டேட்ஸ் பகடை உருட்டணுமா, பாயிண்ட் வச்சு வாங்கணுமா?

ஸ்டேட்ஸ் என்பது வலு, கரிஸ்மா போன்ற ஆறு குணங்களின் எண்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆறுமுகப் பகடை உருட்டிச் சின்னதைத் தள்ளினால் சராசரி 12.24. புத்தகம் தரும் 15, 14, 13, 12, 10, 8 என்ற வரிசையின் சராசரி 12. சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவருக்கு 18, 17 விழுந்து பக்கத்தவருக்கு 11தான் அதிகபட்சம் என்று ஆகும்போதுதான் ஆறு மாசத்துக்கு முகம் சுருங்கும். ஒரே ராத்திரி ஆட்டம் என்றால் உருட்டுங்கள், சிரிக்கலாம். நீண்ட கதை என்றால் பாயிண்ட். உருட்டியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் மேஜையில் நான் ஒரே ஒரு வரிசையை உருட்டி எல்லோருக்கும் அதையே கொடுத்துவிடுவேன்.

ஒருத்தன் நெட்டுல பில்டு பாத்துட்டு வந்து எல்லாரையும் தூக்கிச் சாப்பிடறான். என்ன பண்ண?

பில்டு என்பது பலம் அதிகமாக வரும்படி பாத்திரத்தை அமைக்கும் செய்முறை. முதலில் அவரைத் திட்டாதீர்கள். கணக்குப் போடுபவருக்குக் கதை வராது என்பது சோம்பேறிகள் கட்டிவிட்டது. எங்கள் மேஜையில் நன்றாக நடிப்பவரும் நுணுக்கமாகக் கணக்குப் போடுபவரும் ஒரே ஆள். ஆட்டமேகூட அதைத் தூண்டும். மூன்றாம் பதிப்பில் டஃப்னஸ் என்ற ஃபீட், அதாவது கூடுதல் திறமை, 3 உயிர்ப்புள்ளி தந்துவிட்டுப் போய்விடும். நல்ல தேர்வு எது, சுமாரானது எது என்று ஆடுபவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டதாக அந்தப் பதிப்பை எழுதியவர்களில் ஒருவரான மான்டி குக் பிறகு எழுதினார். படித்தவனுக்குப் பரிசு, படிக்காதவனுக்குப் பொறி.

அவரை மட்டும் குறிவைத்து அரக்கனை ஏவுவது வேலைக்கு ஆகாது. அந்த அரக்கன் மற்றவர்களையும் கொல்லும். தனியாகக் கூப்பிட்டு, "மத்தவங்க சீட்டையும் கொஞ்சம் தூக்கிவிடுங்களேன்" என்று கேளுங்கள். அனேகமாகச் சந்தோஷமாகச் செய்வார். செய்யாமல் "நான் ஜெயிக்கிறதுல உங்களுக்கு என்ன?" என்றால் அது பேலன்ஸ் பிரச்சினை இல்லை, அந்த ஆள் பிரச்சினை.

பேலன்ஸே வேண்டாம்னு சொல்ற ஆட்டம் இருக்கா?

இருக்கிறது. 1987இல் வந்த ஆர்ஸ் மேஜிகாவில் மந்திரவாதிகள் மற்றவர்களைவிட எத்தனையோ மடங்கு பெரியவர்கள், அதை ஒளிப்பதும் இல்லை. பதிலாக ஒவ்வொருவரும் ஒரு மந்திரவாதி, ஒரு துணைவர், சில எடுபிடிக் காவலர்கள் என்று பல பாத்திரங்களை மாற்றி மாற்றி ஆடுவார்கள். இந்த வாரம் நீங்கள் மந்திரவாதி, அடுத்த வாரம் அவர் பின்னால் ஈட்டி தூக்குபவர். அதை எழுதிய இருவரில் ஒருவரான ஜோனத்தன் ட்வீட்தான் பின்னாளில் டி அண்ட் டி மூன்றாம் பதிப்பு எழுதிய மூவரில் ஒருவர். அங்கே விஸார்டு எகிறியதைப் பார்க்கும்போது எனக்கு இது ஞாபகம் வந்து சிரிப்பு வரும்.

ரத்தக்காட்டேரி வேட்டையாடும் பெண்ணைப் பற்றிய பஃபி டிவி தொடரை வைத்து 2002இல் வந்த ஆட்டத்தின் தந்திரம் வேறு. பலசாலி நாயகிக்கு 10 டிராமா புள்ளி, சாதாரண நண்பனுக்கு 20. பலம் அவளிடம், கதையைத் திருப்பும் உரிமை இவனிடம். இரண்டாம் கேள்வியின் சோதனையை நேராக எண்ணாக எழுதிவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால டிஎம் பகடையை மாத்திச் சொல்றது தப்பா?

நானும் செய்திருக்கிறேன். புதிதாக வந்த பெண்ணின் முதல் பாத்திரம் முதல் ராத்திரியே சாகப் போனது. 20 விழுந்ததை "மிஸ்" என்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் பார்த்துவிட்டார். அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் "மிஸ்" என்ற ஒவ்வொரு முறையும் ஒரு பார்வை பார்ப்பார். இப்போது எல்லோர் முன்னாலும்தான் உருட்டுகிறேன்.

இளக வேண்டுமென்றால் உருட்டுவதற்கு முன் இளகுங்கள். ஆக்ருக்குப் புத்தகம் தரும் 59 உயிர்ப்புள்ளி வெறும் சராசரி. ஏழு பத்துமுகப் பகடையோடு 21, அதாவது 28 முதல் 91 வரை எதுவும் நியாயம். நோஞ்சான் ஆக்ர் வேண்டுமா, 35 என்று குறித்துவைத்து அவன் நொண்டுகிறான் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆசைப்பட்டு ஒரு மேஜிக் ஐட்டம் குடுத்துட்டேன். இப்ப ஆட்டமே அதுலதான் ஓடுது. திருப்பி வாங்கலாமா?

திருடன் வந்து எடுத்துப்போனான் என்று கதை விடாதீர்கள், எல்லோருக்கும் புரிந்துவிடும். "நான் தப்பாக் குடுத்துட்டேன், என்ன செய்யலாம்?" என்று மேஜையிலேயே கேளுங்கள்.

நான் கொடுத்தது பறக்கும் துடைப்பம். வாங்கியவர் வில்லாளி, அப்போது 3ஆம் லெவல். வேகம் 50 அடி. மேலே போய் நின்றுகொண்டு அம்பு விடுவார், கீழே ஓநாய்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாகும். மூன்று வாரம் மற்ற மூவருக்கும் வேலையில்லை. கேட்டேன். துடைப்பக்காரரே யோசித்து, "எங்க பாட்டி விளக்கு வெச்சப்புறம் துடைப்பத்தைத் தொட விடாது. இதுவும் அப்படின்னு வெச்சுக்கலாம்" என்றார். அன்றிலிருந்து பக்கத்தில் ஒரு விளக்கோ தீப்பந்தமோ எரிந்தால் அது வெறும் துடைப்பம். நாக் மந்திரத்தின் சத்தம் மாதிரிதான், ஆனால் எங்கள் வீட்டுச் சத்தம்.

அவருடைய ஆள் மனிதன், இருட்டில் கண் தெரியாது. அதனால் இப்போது குகைக்குள் நுழையும் ஒவ்வொரு முறையும் பந்தம் ஏற்றுவதா வேண்டாமா என்று பத்து நிமிஷம் வாக்குவாதம் நடக்கிறது. போன வாரம் ஏற்ற வேண்டாம் என்று முடிவாயிற்று. இருட்டில் பார்க்கத் தெரிந்த எல்ஃப் கீழே நின்றுகொண்டு "இடது, இன்னும் இடது, ஐயோ தலையைக் குனி" என்று கத்திக்கொண்டே வழி சொன்னாள். தூணில் மோதி 3 புள்ளி போனது.